அதிகாலைச் செய்தி எந்தத் தேதிக்குக் கீழே வர வேண்டும்?

[திரையில்: ஒரு செய்தித் தளம். தேதித் தலைப்பே இல்லாமல் செய்திகள் இறங்கிக்கொண்டே போகின்றன.]

வணக்கம். பாளையங்கோட்டையில் ஒரு சிறிய உள்ளூர்ச் செய்தித் தளத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தாமிரபரணி கரைபுரண்டு, நெல்லை ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குள் தண்ணீர் நின்ற நாட்கள். வெளியூரில் இருந்த பிள்ளைகள் எங்கள் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தார்கள். 'இது இன்னைக்குள்ளதா, நேத்துள்ளதா?' என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். தேதிவாரியாக அடுக்குவது அதற்காகத்தான்.

இணையதளம் நடத்த உதவும் மென்பொருளான வேர்ட்பிரஸின் பழைய பாணி தீம்களில், அதாவது தள வடிவமைப்புகளில், 'தி டேட்' என்றொரு ஃபங்ஷன் (நிரல் கட்டளை) உண்டு. ஒரே நாளில் பத்துச் செய்தி போட்டிருந்தாலும், முதல் செய்திக்கு மட்டும்தான் அது தேதி காட்டும். பலர் இதைக் கோளாறு என்று நினைத்து மாற்றிவிடுகிறார்கள். மாற்றாதீர்கள், நமக்கு வேண்டிய தலைப்பே அதுதான்.

அதே போன்ற இன்னொரு மென்பொருளான ட்ரூபல் என்றால், பட்டியல்களை அமைக்கும் வியூஸ் பகுதிக்குள் போய், செய்திகளைத் தொகுக்கும் குரூப்பிங் ஃபீல்டாக வெளியான தேதியைக் கொடுங்கள். தேதி வடிவத்தில் நாள், மாதம், ஆண்டு மட்டும் இருக்கட்டும். மணியும் நிமிடமும் ஒட்டிக்கொண்டிருந்தால் கிட்டத்தட்ட ஒவ்வொரு செய்தியும் தனித் தலைப்போடு நிற்கும்.

[திரையில்: அமைப்புகள், பொது, நேர மண்டலம்.]

சரி, இனிதான் முக்கியமான இடம். வேர்ட்பிரஸை நிறுவியதும் நேர மண்டலம் பெரும்பாலும் யூடிசியில், அதாவது உலகப் பொது நேரத்தில், இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். 18-ஆம் தேதி அதிகாலை 2:30-க்கு, 'ஆற்றங்கரைத் தெருக்காரர்கள் மேட்டுக்குப் போய்விடுங்கள்' என்று ஒரு செய்தி போடுகிறீர்கள். தளத்துக்கு அது 17-ஆம் தேதி இரவு 9 மணி. செய்தி 'நேற்று' என்ற தலைப்புக்குக் கீழே போய் உட்கார்ந்துவிடும். காலையில் எழுந்து பார்ப்பவர் பழைய செய்தி என்று தாண்டிப் போவார். காலை 5:30 வரை போடுகிற எல்லாச் செய்திக்கும் இதே கதிதான். எங்கள் தளத்திலும் இப்படித்தான் இருந்தது. அதைக் கவனிக்காமல் விட்டது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

நேர மண்டலப் பட்டியலில் கொல்கத்தா என்ற ஊரைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள்; இந்திய நேரம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் ஏற்கெனவே போட்ட செய்திகளின் தேதி தானாகத் திருந்தாது. அவற்றை ஒவ்வொன்றாகத் திறந்துதான் மாற்ற வேண்டும்.

அப்புறம், மழைக் கணக்கு. வானிலைத் துறையின் மழை நாள் காலை 8:30-லிருந்து மறுநாள் காலை 8:30 வரை. காயல்பட்டினத்தில் பதிவான 95 செ.மீ., 18-ஆம் தேதி காலையோடு முடிந்த கணக்கு. ஆனால் அதில் பெரும்பங்கு 17-ஆம் தேதி பெய்த மழை. இதைத் தலைப்புத் தேதி சொல்லாது. எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்று செய்தியின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.