தடுப்பூசி வரிசையில் யாருக்கு எப்போது முறை வரும்? – நேயர் கேள்விக்கு விளக்கம்

நேயர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். “என் தந்தைக்கு 59 வயது. சிறுநீரகம் செயலிழந்ததால் வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். மகளாகிய நான்தான் உடனிருந்து கவனித்துக்கொள்கிறேன். தடுப்பூசியைக் கட்டம் கட்டமாகப் போடும்போது 60 வயதைக் கடந்தவர்களுக்கே முன்னுரிமை என்றால் அவர் விடுபட்டுப் போவாரா? மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்யும் இளைஞருக்கு அவரைவிட முன்னதாகப் போடுவது எப்படி நியாயமாகும்? அவரைப் பார்த்துக்கொள்ளும் எனக்கு எப்போது கிடைக்கும்?”

சகோதரி, உங்கள் கவலை முழுவதும் நியாயமானது. உங்கள் தந்தையின் வயதிலிருந்தே தொடங்குகிறேன். அறிவிப்பில் ‘60 வயது’ என்று இருந்தால், அந்த வயது எந்தத் தேதியை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 2021 மார்ச் 1 அன்று கோவிட் தடுப்பூசி முதியவர்களுக்குத் திறந்துவிடப்பட்டபோது, 2022 ஜனவரி 1 அன்று 60 வயதை எட்டுபவர்கள் அனைவரும் தகுதி உடையவர்களாகவே கொள்ளப்பட்டார்கள். அன்றைக்கு 59 வயதில் இருந்த பலர் இதை அறியாமல், தங்களுக்கு இன்னும் முறை வரவில்லை என்று வீட்டிலேயே காத்திருக்கக்கூடிய நிலை இருந்தது. எனவே, தலைப்பில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள்.

வயது வரம்புக்குள் வராதவர்களுக்கும் இன்னொரு வழி பெரும்பாலும் இருக்கும். அது இணைநோய், அதாவது ஏற்கெனவே உடலில் இருக்கும் வேறு நோய். அதே கட்டத்தில், 45 முதல் 59 வயது வரையுள்ளவர்களில் குறிப்பிட்ட 20 உடல்நிலைகளில் ஏதேனும் ஒன்று இருந்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். டயாலிசிஸ் செய்துகொள்ளும் சிறுநீரக நோயாளிகள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். ஆனால் பட்டியலின் சொற்களைக் கவனமாகப் படிக்க வேண்டும். சர்க்கரை நோய் இருக்கிறது என்பது மட்டும் அதற்குப் போதுமானதாக இல்லை. பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட அல்லது சிக்கல்கள் ஏற்பட்டுவிட்ட சர்க்கரை நோயோடு, சிகிச்சையில் இருக்கும் உயர் இரத்த அழுத்தமும் சேர்ந்திருக்க வேண்டும் என்று அது கேட்டது. பதிவு பெற்ற மருத்துவரின் சான்றிதழும் அப்போது தேவைப்பட்டது. மருந்துச் சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போகாமல், அறிவிப்பு கேட்கும் அதே விவரங்களோடு சான்றிதழை முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுவது நல்லது.

துப்புரவுப் பணியாளரைப் பற்றிய கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன். கையிருப்பு மிகக் குறைவாக இருக்கும்போது வரிசையைத் தீர்மானிப்பவர்கள் முக்கியமாக இரண்டு ஆபத்துகளை எடைபோடுகிறார்கள்: நோய் வந்தால் இறந்துபோகும் ஆபத்து யாருக்கு அதிகம், நோய் வந்து சேரும் வாய்ப்பு யாருக்கு அதிகம். சமூகப் பரவல் இருக்கும் நாட்டில், மக்கள்தொகையில் 10 விழுக்காட்டினருக்குள் மட்டுமே போடக்கூடிய அளவு மருந்து இருந்தால், தொற்றுக்கு மிகுதியாக ஆளாகும் சுகாதாரப் பணியாளர்களையும் முதியவர்களையும் முதலில் எடுத்துக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2020இல் வழிகாட்டியது. ‘சுகாதாரப் பணியாளர்’ என்பதில் மருத்துவரும் செவிலியரும் மட்டுமல்லாமல், நோயாளியின் படுக்கையைத் துடைப்பவரும் கழிவை அகற்றுபவரும் அடங்குவார்கள், அடங்கவும் வேண்டும். ஒப்பந்தப் பணியாளர் என்பதாலேயே அவர்கள் பெயர் பட்டியலில் விடுபட்டுப் போவதை எந்த நிர்வாகமும் அனுமதிக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. உங்கள் தந்தை வாரம் மூன்று முறை போய்ப் படுக்கும் டயாலிசிஸ் கூடத்தைச் சுத்தம் செய்பவர் அந்த இளைஞர்தான். அவர் நோய்வாய்ப்படாமல் இருப்பதும், அவர் வழியாகத் தொற்று உள்ளே வரும் வாய்ப்பு குறைவதும், வீட்டிலேயே தங்கிவிட முடியாத உங்கள் தந்தைக்கும் சேர்த்துத்தான் பாதுகாப்பு.

இந்த வரிசை எல்லா இடங்களிலும் ஒன்றுபோல் இருந்ததும் இல்லை. பிரிட்டனில் 2020 டிசம்பரில் முதியோர் இல்லங்களில் வசிப்பவர்களும் அங்கே அவர்களைப் பராமரிப்பவர்களும் பட்டியலின் தலையில் இருந்தார்கள். இந்தோனேசியாவோ 2021 ஜனவரியில் 18 முதல் 59 வயது வரையுள்ளவர்களிடமிருந்து தொடங்கியது. அங்கு பயன்படுத்தப்பட்ட சினோவாக் தடுப்பூசி முதியவர்களிடம் போதுமான அளவு சோதிக்கப்பட்டிருக்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். எபோலா போன்ற நோய்களில் வயதே அளவுகோல் இல்லை. 2015இல் கினி நாட்டில் நடந்த சோதனையில், நோயுற்றவரோடு பழகியவர்களும் அப்படிப் பழகியவர்களோடு தொடர்பில் இருந்தவர்களும் ஒரு வளையமாகக் கண்டறியப்பட்டு, அவர்களுக்குத் தடுப்பூசி போடப்பட்டது. அத்தகைய திட்டத்தில் நேற்றுவரை தகுதி இல்லாத ஒருவர், பக்கத்து வீட்டில் ஒருவருக்கு நோய் உறுதியானதுமே இன்று தகுதி பெற்றுவிடுவார்.

இதுவரை சொன்னது முறை வந்துவிட்டதா என்பதைப் பற்றியது. ஊசி உடலுக்குப் பொருந்துமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. இவ்விரண்டையும் பலர் குழப்பிக்கொள்வதால்தான் இதைத் தனியாகச் சொல்கிறேன். முறை வந்தபிறகும், அதே தடுப்பூசியின் முந்தைய தவணைக்கோ அதிலுள்ள பொருளுக்கோ கடுமையான ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் அதைப் போடக் கூடாது. அன்றைக்குக் கடும் காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போட வேண்டும். சமீபத்தில் அதே நோய் வந்து குணமானவர்களுக்குக் காத்திருப்புக் காலம் சொல்லப்படலாம். இந்தியாவில் 2021 மே மாதம் அது மூன்று மாதம் என்று அறிவிக்கப்பட்டது. மறுபுறம், பட்டியலில் ஒரு பிரிவு இல்லாததாலேயே அவர்களுக்கு ஊசி ஆபத்தானது என்று முடிவுகட்டக் கூடாது. தொடக்கச் சோதனைகளில் கர்ப்பிணிகள் சேர்க்கப்படாததால் அவர்களைப் பற்றிய தரவு குறைவாக இருந்தது. தரவு சேர்ந்தபின் 2021 ஜூலையில் இந்தியா அவர்களுக்கும் அனுமதி அளித்தது.

உங்களைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். வீட்டில் நோயாளியைப் பராமரிக்கும் உறவினரை எல்லா நாடுகளும் தனிப் பிரிவாகக் கருதுவதில்லை. பிரிட்டன் அவர்களை ஆறாவது பிரிவில், இணைநோய் உள்ளவர்களோடு சேர்த்து வைத்தது. அந்த அணுகுமுறையே சரி என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால், நீங்கள் படுத்துவிட்டால் உங்கள் தந்தையை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்ல ஆள் இருக்காது. உங்கள் பகுதியின் அறிவிப்பில் ‘பராமரிப்பாளர்’ என்ற பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், உங்கள் வயதுக்குரிய கட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கும். அதுவரை முகக்கவசம், காற்றோட்டம், கை கழுவுதல் ஆகியவற்றில் தளர்வு வேண்டாம்.

அடையாள அட்டை இல்லை என்பதற்காக யாரும் பின்வாங்கிவிடாதீர்கள். உரிய அட்டைகள் இல்லாதவர்களுக்கும் தடுப்பூசி போடுவதற்கான நடைமுறையை இந்திய அரசு 2021 மே மாதம் தனியாகவே வெளியிட்டது. உங்கள் தந்தைக்காக இப்போது செய்ய வேண்டியது, அவரது சிறுநீரக மருத்துவரிடம் சான்றிதழ் கேட்பதும், டயாலிசிஸ் நாளுக்கும் ஊசி நாளுக்கும் இடையே இடைவெளி தேவையா என்பதை அவரிடமே உறுதி செய்துகொள்வதும்தான்.