சன்னலைத் திறந்து வையுங்கள்

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம். காசநோய்ப் பிரிவில் சுகாதாரப் பார்வையாளராக உசிலம்பட்டி, பேரையூர் பக்கமெல்லாம் வீடு வீடாகப் போய் வந்தவள் நான். ஓய்வு பெற்ற பிறகும், எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் சன்னலைத்தான் தேடும். இன்றைக்கும் அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

வீட்டில் ஒருவருக்குக் காசநோய் என்று தெரிந்ததும் நம் ஊரில் என்ன செய்வோம்? தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்கிவிடுவோம். பேரையூர் பக்கம் ஒரு வீட்டில், மருமகளின் டம்ளர் மாறிவிடக் கூடாது என்று அதன் அடியில் நகப்பூச்சால் சிவப்பாக ஒரு பொட்டு வைத்திருந்தார் மாமியார். அவர் கெட்டவர் இல்லை. பேரப்பிள்ளைகளுக்கு ஒட்டிவிடுமோ என்ற பயம். சரி என்று அந்தப் பெண் படுத்திருந்த அறைக்குள் போனேன். இருப்பது ஒரே சன்னல். அதையும் மறைத்து நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தது. பட்டப்பகலில் லைட் போட்டால்தான் முகம் தெரியும். ராத்திரியில் பிள்ளைகள் அம்மாவை ஒட்டிப் படுப்பதும் அதே அறையில்தான்.

“டம்ளர் ஒண்ணும் செய்யாதும்மா, மூட்டையை எடுங்க” என்றேன். “எச்சில்ல ஒட்டாதா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ஒட்டாது. இப்போதும் சொல்கிறேன், தட்டில், டம்ளரில், துணியில் காசநோய் பரவாது. நுரையீரலில் நோய் உள்ளவர் இருமும்போது, தும்மும்போது, பேசும்போதுகூட, கிருமி காற்றில் கலக்கிறது. அடைத்த அறையில் ஊதுபத்திப் புகை எப்படிச் சுற்றிச் சுற்றி நிற்குமோ, அப்படி மணிக்கணக்கில் மிதக்கும். சன்னலைத் திறந்தால் வெளியே போய்விடும். வெயில் பட்டால் செத்தும் போகும்.

பக்கத்து வீட்டுப் பையன்கள் வந்து மூட்டைகளை இறக்கினார்கள். கொக்கி துருவேறிக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் விட்டுத் தட்டித்தான் திறக்க முடிந்தது. அப்புறம் அந்தப் பெண்ணின் கட்டில் திண்ணைக்குப் போனது, பிள்ளைகள் பாட்டியோடு படுத்துக்கொண்டார்கள்.

‘இருமுகிறவளுக்குப் பனிக்காற்று ஆகாதே’ என்பார்கள். மார்கழியில் எல்லா வீட்டிலும் இந்தப் பேச்சு வரும். போர்த்திக்கொள்ளட்டும், காதைக் கட்டிக்கொள்ளட்டும், சன்னல் மட்டும் திறந்தே இருக்கட்டும். கொசு வந்தால் வலை அடியுங்கள்.

காற்றின் அருமைக்கு ஒரு சான்று சொல்கிறேன். பெரு நாட்டின் லிமா நகர மருத்துவமனைகளில் அளந்து பார்த்து 2007இல் எழுதினார்கள். உயரமான கூரையும் பெரிய சன்னல்களும் உள்ள பழைய கட்டடங்களில்தான், புதிய கட்டடங்களைவிடக் காற்று நன்றாக மாறியது. நம் முற்றம் வைத்த வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இப்போது மாசி வீதிகளுக்குப் பின்னால் சந்துக்குள், சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டி, எதிர்ச் சன்னலே இல்லாமல் குடியிருக்கிறோம். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வேதனையாக இருக்கும்.

வீட்டுக்கு மட்டுமில்லை. டவுன் பஸ்ஸில் மழை நின்ற பிறகும் ஷட்டரை ஏற்றாமல் உட்கார்ந்திருக்கிறோமே, அதை ஏற்றுங்கள். ஏசி மண்டபத்தில் கல்யாணம் என்றால், இருமல் உள்ளவர் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது வாசல் பக்கம் உட்காருங்கள். சளிக் காய்ச்சலுக்கும் கொரோனாவுக்கும் இதேதான்.

நேரமாகிவிட்டது என்று நிலையத்தார் கை காட்டுகிறார்கள். மருந்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் குணமாகும், அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்று உலகத்துக்கே காட்டியது. ஆகவே நோயாளியை ஒதுக்காதீர்கள். சரியான மருந்து உள்ளே போகத் தொடங்கினால் சில வாரங்களில் பரவும் வேகம் வெகுவாகக் குறையும். ஆனால் தெம்பு வந்துவிட்டது என்று இரண்டாம் மாதமே நிறுத்திவிடாதீர்கள். வழக்கமாக ஆறு மாதம், டாக்டர் சொல்லும்வரை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை இலவசம். சிகிச்சையில் இருப்பவருக்குச் சத்துணவுக்காக மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும், கேட்டு வாங்குங்கள். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால் கட்டாயம் உடன் கூட்டிப் போங்கள், தடுப்பு மருந்து தருவார்கள். வணக்கம்.