கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பேசி என்ன ஆகப்போகிறது?

அடுத்த கேள்வி. "எங்கள் ஏரிக்கு வரும் ஓடையை ஒட்டி ரசாயன ஆலை கட்டப்போகிறார்கள். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று பேப்பரில் விளம்பரம் வந்திருக்கிறது. போய்ப் பேசினால் பிரயோசனம் உண்டா, இல்லை எல்லாம் கண்துடைப்புதானா?" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

நீங்கள் அப்படி நினைப்பதில் தப்பில்லை. நானும் இதேபோல ஒரு கூட்டத்தில் தொண்டை கட்டும்வரை கத்திவிட்டு வந்தவன்தான். பிற்பாடு கூட்டக் குறிப்பை வாங்கிப் பார்த்தால், "சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்" என்று ஒரே வரி. கத்தியது நான், வரி அவர்களுடையது.

அது ஓட்டெடுப்பு இல்லை என்பதை முதலில் மனதில் வையுங்கள். ஆயிரம் பேர் கை தூக்கினாலும் முடிவு அங்கே எடுக்கப்படாது. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூட்டத்தை நடத்தும். கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ தலைமை வகிப்பார். முழுக்க வீடியோ எடுக்க வேண்டும். கடைசியில் பேசியவற்றின் சுருக்கத்தை மக்களுக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டி, அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் காகிதம்தான் மேலே போகும். அதில் உள்ளவற்றுக்கு, ஆலையால் சுற்றுச்சூழலுக்கு என்ன பாதிப்பு என்று தயாரிக்கும் இறுதி அறிக்கையில் நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் வாசிக்கும்போது பஸ்ஸைப் பிடிக்க ஓடாதீர்கள். நீங்கள் சொன்னது விட்டுப்போயிருந்தால் அங்கேயே எழுந்து கேளுங்கள்.

சரி, என்ன பேசுவது? விளம்பரத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில் குறைந்தது 30 நாள் இருக்கும். கலெக்டர் ஆபீஸிலும் மாவட்டத் தொழில் மையத்திலும் அந்த அறிக்கையின் வரைவை வைத்திருப்பார்கள். தமிழ்ச் சுருக்கத்தோடு திரும்பிவிடாமல், முழு அறிக்கையில் தண்ணீர் பற்றிய அத்தியாயத்தைப் பாருங்கள். விஷயம் அங்கேதான் ஒளிந்திருக்கும். பெரும்பாலும் மழைக்காலம் அல்லாத ஒரே ஒரு பருவத்தில்தான் அளவெடுத்திருப்பார்கள். நான் பார்த்த ஓர் அறிக்கையில் ஓடைக்கு நேராக "நீரோட்டம் இல்லை" என்று இருந்தது. அளந்தது சித்திரை வெயிலில்! ஐப்பசியில் அதே ஓடை தன் ஆட்டை அடித்துக்கொண்டு போனதை ஒரு பெரியம்மா எழுந்து சொன்னார். தண்ணீர் எந்த மரம் வரை ஏறியது என்பதையும் சொன்னார். நாங்கள் போட்ட கோஷம் எதுவும் பதிவாகவில்லை, அது பதிவானது.

அதேபோல நீங்களும் உங்கள் ஊர்க்காரர்களுக்கு மட்டும் தெரிந்ததைச் சொல்லுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ' பதிவேட்டை, அதாவது ஊர் நிலங்களின் பதிவேட்டைப் பார்த்து ஓடைப் புறம்போக்கின் சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது எந்த ஏரிக்குப் போகிறது, ஏரி நிரம்பிக் கலிங்கு (உபரி நீர் வெளியேறும் இடம்) வழிந்தால் அடுத்து எங்கே, அந்தத் தண்ணீரை நம்பி எத்தனை கிணறு என்று எழுதுங்கள். கிணற்றை எண்ணுவது சின்ன வேலை இல்லை. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் போய் எண்ணியது. 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. தோல் தொழிற்சாலைகள் பற்றிய 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அந்தக் கணக்கு அப்படியே இருக்கிறது.

ஆலை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பவர்களுக்கு நொய்யல் ஆற்றைக் காட்டுங்கள். அந்த ஆற்றில் 1992இல் பாசனத்துக்காகக் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு வந்து தேங்கியது. தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயியே சொல்லும் அணையாகிவிட்டது. அணைப் பாசனத்தை நம்பிய ஆயக்கட்டுக்காரர்கள் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தார்கள். சுத்திகரிப்பு விதியை நிறைவேற்றாத ஆலைகளை மூடச்சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் கறாராக உத்தரவு போட்டது 2011 ஜனவரியில்.

அப்புறம், பேசியதையே மனுவாக இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்துக்கு வர முடியாதவர்களும் எழுத்தில் கொடுக்கலாம். அனுமதி கொடுத்துவிட்டால் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள்தான். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை தரலாம். வக்கீல் முதலில் கேட்பது அந்தச் சீல் போட்ட பிரதியைத்தான்.

அறிக்கை கிடைத்ததும் அந்தத் தண்ணீர் அத்தியாயத்தை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம். அடுத்த கேள்வி, போர்வெல் பற்றி.