டேப்பின் இரண்டு பக்கம்

நேயர்களுக்கு வணக்கம்.

போன வாரம் ஒரு சட்டை தைக்கக் கொடுத்தேன். ஜவுளிக்கடையில் இரண்டேகால் மீட்டர் துணி கிழித்துக் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு தையல் கடைக்குப் போனால், டெய்லர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவி, "மார்பு நாற்பது, தோள் பதினெட்டு, கை இருபத்து நாலரை" என்று சொல்லச் சொல்லப் பையன் நோட்டில் எழுதிக்கொண்டான். எல்லாம் இன்ச். அந்த டேப்பின் மறுபக்கம் சென்டிமீட்டர் இருக்கிறதே, அதை எப்போதாவது பார்ப்பதுண்டா என்று கேட்டேன். "அது பாட்டுக்குக் கிடக்கு சார்" என்றார்.

பிளைவுட் கடையில் இன்னும் வேடிக்கை. "எட்டுக்கு நாலு, பதினெட்டு எம்எம்" என்பார்கள். பலகை ஒன்றுதான். நீள அகலம் அடியில், கனம் மில்லிமீட்டரில்!

இந்தியாவில் மெட்ரிக் அளவைக்கான சட்டம் வந்தது 1956-இல். மறு ஆண்டு, நூறு சேர்ந்தால் ஒரு ரூபாய் என்ற நயா பைசா வந்தது. 1958 அக்டோபரிலிருந்து கிலோ படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. சேர், வீசை, மணங்கு என்ற பழைய எடைகள் கடைகளைவிட்டுப் போயே போய்விட்டன. காரணம் எளிது. கடைக்காரரின் எடைக்கல்லில் அரசு முத்திரை வேண்டும், ஆய்வாளர் வந்து பார்ப்பார். நம் உயரத்துக்கு யார் முத்திரை குத்துகிறார்கள்? அதனால்தான் பெண் பார்க்கும்போது மாப்பிள்ளை இன்னமும் ஐந்தடி எட்டு அங்குலமாகவே இருக்கிறார். நிலமும் அப்படித்தான். பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். திண்ணையில் பேசுவது ஏக்கர், சென்ட். சென்னைக்குள் வந்துவிட்டால் கிரவுண்ட், அதாவது 2,400 சதுர அடி.

சவரன் இவற்றில் தனி ரகம். இங்கிலாந்தின் சாவரின் தங்க நாணயம் எட்டு கிராமுக்கு மயிரிழை குறைவு. நாம் அதை முழுசாக எட்டு கிராம் ஆக்கி, பெயரை மட்டும் வைத்துக்கொண்டோம்.

அப்புறம், வெயில். வானிலை மையம் செல்சியஸில்தான் கணக்கு தருகிறது. செய்தியில் மட்டும் "வெயில் சதமடித்தது" என்று வரும். 37.8 டிகிரி என்று சொன்னால் யாருக்கு வியர்க்கும்? ஃபாரன்ஹீட்டில் நூறு என்றால்தான் ஒரு கெத்து.

இது நம் ஊர்க் குழப்பம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிரிட்டனில் பெட்ரோலை லிட்டரில் போடுவார்கள். வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்றால் கேலனுக்கு இத்தனை மைல் என்பார்கள். சாலைப் பலகையில் மைல், மதுக்கடைக் குழாயில் பைன்ட், உடல் எடை ஸ்டோனில். ஒரு ஸ்டோன் 14 பவுண்டு. அமெரிக்காவில் பால் கேலனில் வரும், பக்கத்து அலமாரியில் கோலா இரண்டு லிட்டர் பாட்டிலில் இருக்கும். 1975-இல் அங்கேயும் மெட்ரிக்குக்குச் சட்டம் போட்டார்கள். விருப்பமிருந்தால் மாறுங்கள் என்ற சட்டம். யார் மாறுவார்கள்? அதற்காக வைத்த வாரியத்தை 1982-இல் கலைத்துவிட்டார்கள். ஆனாலும் அவர்களுடைய இன்ச்சுக்கு 1959 முதல் இலக்கணமே 25.4 மில்லிமீட்டர்தான்.

இப்படி இரண்டும் கலந்து வாழ்வதில் பெரிய கெடுதல் இல்லை என்பது என் கட்சி. எண்ணிலிருந்து அலகு கழன்றுவிட்டால்தான் வினை. கனடாவில் 1983 ஜூலை 23 அன்று நடந்ததைச் சொல்கிறேன்.

ஏர் கனடாவின் புத்தம் புதிய போயிங் 767. அதுவரை அந்த நிறுவனம் எரிபொருளைப் பவுண்டில் கணக்கிட்டு வந்தது. இந்த விமானம் கிலோவில். அன்றைக்கு எரிபொருள் மானி வேலை செய்யவில்லை. தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று அளவுக்குச்சியால் பார்த்தார்கள். 7,682 லிட்டர். மான்ட்ரியலிலிருந்து எட்மண்டன் போகத் தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோவாக்க 0.8-ஆல் பெருக்க வேண்டும். பழக்கத்தில் 1.77-ஆல் பெருக்கினார்கள். அது லிட்டரைப் பவுண்டாக்கும் எண். ஏறத்தாழ இருபதாயிரம் லிட்டர் நிரப்ப வேண்டிய இடத்தில் ஐந்தாயிரம் லிட்டர்கூட நிரப்பவில்லை. பெருக்கல், கழித்தல் எல்லாம் சரி. கணக்கு வாத்தியார் பார்த்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

41,000 அடி உயரத்தில் பறக்கும்போது எரிபொருள் தீரத் தொடங்கியது. இரண்டு எஞ்சினும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. கேப்டன் பாப் பியர்சனுக்குக் கிளைடர் ஓட்டிப் பழக்கம் இருந்தது, நல்ல காலம். கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட விமானப்படைத் தளத்தில், அப்போது கார் பந்தயத்துக்குப் பயன்பட்ட ஓடுபாதையில், சத்தமே இல்லாமல் வந்து இறக்கினார். விமானத்தில் இருந்த 69 பேரும் பிழைத்தார்கள்.

அதே கனடாவில், டொராண்டோவில், என் அக்கா மகள் இருக்கிறாள். ஒருநாள் ராத்திரி போன் செய்து, குழந்தைக்கு முப்பத்தொன்பது காய்ச்சல் என்றாள். "முப்பத்தொன்பதா? தெர்மாமீட்டர் கெட்டுப்போச்சா பாரு" என்றாள் அக்கா. நான் கணக்குப் போட்டு 102.2 என்றதும்தான் அவளுக்குப் பதற்றமே வந்தது. குழந்தை இரண்டு நாளில் சரியாகிவிட்டது. அக்கா இப்போது அடுக்களைச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறாள்: 38 என்றால் 100.4, 39 என்றால் 102.2, 40 என்றால் 104. அந்தப் பெண்ணின் வீட்டில் கேக் வேகவைக்கும் ஓவன் மட்டும் ஃபாரன்ஹீட்டில் 350 காட்டுகிறதாம். அதையும் தாளில் கடைசி வரியாக எழுதிவைத்திருக்கிறாள். பக்கத்தில், 'இது காய்ச்சல் இல்லை' என்று.

வணக்கம்.