களைத்த குதிரையும் கண்ணாடித் தாள் ஏரியும்

வணக்கம் நண்பர்களே. இதோ, என் உள்ளங்கையில் நிற்கிறதே, இதுதான் வந்தியத்தேவனின் குதிரை. இன்னும் கிட்டே காட்டுகிறேன். வயிற்றில் தெரிவது, இதைப் பிடித்து உருவாக்கிய ஒன்பதாம் வகுப்பு மாணவியின் விரல் ரேகை. அதை அழிக்க வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

நான்கு சனிக்கிழமைகளாகப் பன்னிரண்டு மாணவர்களோடு 'பொன்னியின் செல்வன்' நாவலில், வீரன் வந்தியத்தேவன் ஏரிக்கரை வழியே குதிரையில் வரும் முதல் அத்தியாயத்தைக் களிமண் அசைவூட்டப் படமாக எடுத்து வருகிறோம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் யாரிடமும் உரிமை கேட்டு நிற்க வேண்டியதில்லை.

முதல் வாரம் குயவர் மண்ணில் பொம்மை பிடித்தோம். விளக்குச் சூட்டில் மதியத்துக்குள் காய்ந்து, காலை மடக்கியதும் விண்டுபோயிற்று. பிறகு எண்ணெய் கலந்த, காயாத வண்ணக் களிமண் வாங்கினோம். உள்ளே எலும்பாக அலுமினியக் கம்பி. குயவர் மண்ணைக் கொண்டு ஏரிக்கரை எழுப்பிவிட்டோம்.

வினாடிக்கு 12 படங்கள். பொம்மையை நூலளவு நகர்த்த வேண்டும், கையை எடுக்க வேண்டும், படம் எடுக்க வேண்டும். 40 வினாடிக் காட்சிக்கு 480 முறை இதே வேலை.

குதிரை நாலுகால் பாய்ச்சலில் வர வேண்டும் என்று பையன்கள் ஒரே பிடிவாதம். ஆனால் பாய்ந்து ஓடும் குதிரைக்கு நான்கு கால்களும் தரையை விட்டு எழும்பும் கணம் ஒன்று உண்டு. களிமண் குதிரையை அந்தரத்தில் எப்படி நிறுத்துவது? நூல் கட்டலாமா, கம்பி சொருகலாமா என்று அரை மணி நேரம் பேசினோம். அப்போது இந்த மாணவி புத்தகத்தைத் திறந்து உரக்கப் படித்தாள். நெடுந்தூரம் வந்த களைப்பில் குதிரை மெள்ள மெள்ள நடக்கிறது. ஏரியின் அழகில் மனம் பறிகொடுத்த வீரன் அதைப் பொருட்படுத்தவே இல்லை. "அண்ணா, குதிரை ஓடவே இல்லை!" என்றாள்.

எனக்குச் சிலிர்த்துவிட்டது. நடக்கிற குதிரை ஒவ்வொரு காலாகத்தான் எடுத்து வைக்கும். ஒரு பக்கத்துப் பின்னங்கால், அதே பக்கத்து முன்னங்கால், பிறகு மறுபக்கம். தரையில் எப்போதும் இரண்டு மூன்று கால்கள் ஊன்றியிருப்பதால் பொம்மை தானாகவே நிற்கும். நான் மூன்று முறை படித்த நாவல் இது. அந்தக் குதிரையின் களைப்பு அன்றுதான் என் கண்ணில் பட்டது. தலையைத் தாழ்த்தினோம், வீரனின் முகத்தை மட்டும் ஏரிப் பக்கம் திருப்பினோம். அவ்வளவுதான், அவன் வந்தியத்தேவன் ஆகிவிட்டான்.

அதே அத்தியாயத்தில், ஆடிப்பெருக்கன்று சிறுவர்கள் தாங்கள் உணவு வைத்துச் சாப்பிட்ட கமுகு மட்டைகளை, ஏரித் தண்ணீர் வெளியேறும் மதகான கணவாய் ஓரம் எறிந்துவிட்டு, அவை தண்ணீரோடு வெளியே ஓடிவருவதைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பார்கள். எங்கள் ஏரி நீலக் கண்ணாடித் தாள். நகத்தளவு மட்டைகள் ஒன்பது. ஒவ்வொரு படத்துக்கும் தாளைக் கொஞ்சம் கசக்கி, மட்டைகளை ஒவ்வொன்றாக நகர்த்தினார்கள். நடுவில் ஜன்னல் வெயில் நகர்ந்து, நிழல் துடித்து, 90 படங்கள் வீணாயின. யாரும் முகம் சுளிக்கவில்லை. ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டிவிட்டு மறுபடியும் உட்கார்ந்தார்கள்.

வரும் சனிக்கிழமை பனைமரக் கொடி பறக்கும் படகு வருகிறது. துணிக்கொடி வைத்த இடத்தில் நிற்காது. மெல்லிய தகரத் தாள் வளைத்தபடியே நிற்கும். அதைத்தான் இப்போது கத்தரிக்கப் போகிறேன்.