ஆண்டவரின் தோழர்கள் போகவேண்டிய இடம்

மேடையில் வீற்றிருக்கும் பேராயர் அவர்களே, இந்தச் சபையை அன்போடு நடத்திவரும் போதகர் ஐயா அவர்களே, மூப்பர்களே, பெண்கள் சங்கத் தலைவி அம்மா அவர்களே, இந்தக் கூட்டத்துக்காக ஓடியாடி உழைத்த வாலிபர் சங்கச் செயலாளர் தம்பி அவர்களே, உடல்நிலையைப் பொருட்படுத்தாமல் வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற போதகர் ஐயா அவர்களே, அன்பான சகோதர சகோதரிகளே, எல்லாருக்கும் ஆண்டவருடைய நாமத்தில் வணக்கம். பாடகர் குழுவினருக்கும் என் நன்றி. பேராயர் அவர்கள் இத்தனை வேலைகளுக்கு நடுவே முழு நேரமும் இருந்து கேட்பது எங்களுக்கெல்லாம் பெரிய ஊக்கம்.

'தேவனோடு நட்பு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று காரியங்களைப் பேசலாம் என்று வந்தேன். ஆபிரகாம் எப்படித் தேவனுடைய சிநேகிதன் ஆனார், கர்த்தர் மோசேயோடு முகமுகமாய்ப் பேசினாரே அதன் ஆழம் என்ன, இயேசு தம் சீஷர்களைச் சிநேகிதர் என்று அழைத்தபோது அவர்களிடம் எதை எதிர்பார்த்தார். நம் பெரியவர்கள் சொல்லிவைத்த ஒரு பழமொழியை இந்த மூன்றுக்கும் துணையாக வைத்துக்கொள்கிறேன்: 'உயிர் காப்பான் தோழன்.'

ஆபிரகாமிலிருந்து தொடங்குவோம். ஆதியாகமம் 18-ஆம் அதிகாரம். நல்ல உச்சி வெயில். கூடார வாசலில் ஆபிரகாம் உட்கார்ந்திருக்கிறார். நிமிர்ந்து பார்த்தால் மூன்று பேர் நிற்கிறார்கள். கிழவர் எழுந்து ஓடுகிறார். கால் கழுவத் தண்ணீர், மர நிழலில் இடம், சாராளிடம் 'சீக்கிரம் அப்பம் சுடு' என்று ஒரு குரல், பிறகு மாட்டு மந்தைக்கு ஒரு ஓட்டம். விருந்து முடிந்து அவர்கள் சோதோமை நோக்கிக் கிளம்புகிறார்கள். வழியனுப்ப இவரும் கூடவே நடக்கிறார். அப்போதுதான் கர்த்தர், "நான் செய்யப்போகிறதை ஆபிரகாமுக்கு மறைப்பேனோ?" என்கிறார்.

அந்த இடத்தில் நான் எப்போதும் நின்றுவிடுவேன். வானத்தையும் பூமியையும் படைத்தவர், ஒரு மனிதனிடம் தன் மனதைத் திறக்காமல் போக மனமில்லாமல் நிற்கிறார்! சரி, மனதைத் திறந்தார்; சோதோமின் பாவம் மிகக் கொடியது என்றார், அந்த ஊர் அழியப்போகிறது என்று ஆபிரகாமுக்குப் புரிந்தது. அதைக் கேட்ட ஆபிரகாம் என்ன செய்தார்? சோதோமோடு தனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று திரும்பியிருக்கலாம். அந்த ஊர் ராஜா கொடுக்க வந்த பொருளில் ஒரு நூலைக்கூடத் தொடமாட்டேன் என்று முன்பே மறுத்தவர் அவர். ஆனால் இப்போது கர்த்தருக்கு முன்பாக நகராமல் நிற்கிறார். "ஐம்பது நீதிமான்கள் இருந்தால்?" கர்த்தர் இரங்குகிறார். "ஐந்து பேர் குறைந்தால்?" அதற்கும் இரங்குகிறார். நாற்பது. முப்பது. 'நான் தூளும் சாம்பலுமானவன், பேசத் துணிந்துவிட்டேன்' என்று நடுங்கிக்கொண்டே சொல்கிறார், ஆனாலும் விடவில்லை. இருபது. 'கோபிக்க வேண்டாம் ஆண்டவரே, இந்த ஒருமுறை மட்டும்' என்று சொல்லிப் பத்துக்கு வந்து நிற்கிறார்.

அந்த ஊரில் அவருடைய சொந்தச் சகோதரனின் மகன் லோத்து குடும்பத்தோடு இருக்கிறான். 'என் பிள்ளையை மட்டும் காப்பாற்றும்' என்று கேட்டிருக்கலாமே! லோத்தின் பெயரை அவர் ஒரு தடவைகூட எடுக்கவில்லை. ஊரே பொல்லாதது என்று பெயரெடுத்த ஊருக்காக, முழு ஊருக்காகவும் கெஞ்சினார். தேவனுடைய சிநேகிதன் என்று வேதம் யாரைச் சொல்கிறது என்று பாருங்கள். தேவனிடம் தனக்கிருந்த செல்வாக்கைக் குற்றவாளிகளுக்காகச் செலவழித்த மனிதனை! உயிர் காப்பான் தோழன்.

மோசேயைப் பற்றி விரிவாகப் பேச நேரம் இடம் கொடுக்காது. இயேசுவிடம் வந்துவிடுகிறேன். "ஒருவன் தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பிலும் அதிகமான அன்பு ஒருவரிடத்திலுமில்லை" என்று யோவான் 15-இல் சொன்னவர், மறுநாளே அதைச் சிலுவையில் செய்து முடித்தார். அவர் கடைசியாகப் பேசிய மனிதர்களில் ஒருவன் யார்? பக்கத்தில் தொங்கிய தண்டனைக் கைதி. அவரை 'பாவிகளுக்குச் சிநேகிதன்' என்று வசை பேசியது மத்தேயு 11-இல் இருக்கிறது. அதே அதிகாரம் சிறைக்குள் இருக்கும் யோவான் ஸ்நானகனிலிருந்துதான் தொடங்குகிறது. மணவாளனுடைய தோழன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அந்த யோவானே ஒரு கைதி!

இதற்காகத்தான் இத்தனை தூரம் வந்தேன். நான் எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை. 'காவலிலிருந்தேன், என்னைப் பார்க்கவந்தீர்கள்' என்று ஆண்டவர் சொல்லியிருக்க, நம் சபைகளில் எத்தனை பேர் சிறைவாசலை மிதித்திருக்கிறோம்? பார்வையாளர் நாளில் யாருமே வராத கைதிகளோடு நான் உட்கார்ந்திருக்கிறேன். மற்றவர்கள் பெயரெல்லாம் கூப்பிடப்படும்போது தலையைத் தூக்காமல் இருக்கிற அந்த முகங்களைப் பார்த்தால் நீங்களும் சும்மா இருக்கமாட்டீர்கள்.

இது புதுக் காரியமும் அல்ல. ரோமாபுரியில் விலங்கோடு கிடந்த பவுலைத் தேடிப்பிடித்துப் பார்த்தான் ஒநேசிப்போரு. 'என் விலங்கைக் குறித்து அவன் வெட்கப்படவில்லை' என்று பவுல் நெஞ்சுருகி எழுதுகிறார். 1813-இல் எலிசபெத் ஃப்ரை அம்மையார் லண்டன் நியூகேட் சிறைக்குப் போனார். நண்பர்கள் சங்கம் எனப்படும் குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். பெண்களும் அவர்கள் பெற்ற குழந்தைகளும் வைக்கோலில் நெருக்கியடித்துப் படுத்திருந்ததைப் பார்த்தார். பிறகு, 1817-இல், மற்றப் பெண்களைச் சேர்த்து ஒரு சங்கமே தொடங்கினார். துணி கொடுத்தார், தையல் வேலை கொடுத்தார், பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார், அவர்கள் நடுவே உட்கார்ந்து வேதத்தை வாசித்தார். அடுத்த ஆண்டு பாராளுமன்றக் குழுவின் முன் சாட்சியும் சொன்னார்.

'குற்றம் செய்தவனுக்கு இதெல்லாம் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. அவனால் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் கண்ணீரும் எனக்குத் தெரியும்; அவர்களையும் போய்ப் பார்க்கத்தான் வேண்டும். அதனால் சிறைக்குள் இருப்பவன் நம் ஜெபத்துக்கு வெளியே போய்விடுவானா? ஜெபத்தில் தேவனோடு மணிக்கணக்கில் பேசுகிற நாம், அவர் காத்திருக்கிறேன் என்று சொன்ன இடத்துக்கு மட்டும் போகாமல் இருந்தால் அது என்ன நட்பு? உயிர் காப்பான் தோழன் என்று நாம் வாயாரச் சொல்கிறோமே!

பேராயர் அவர்களிடம் மேடையிலேயே பணிவோடு ஒரு விண்ணப்பம். ஒவ்வொரு சபையிலும் சிறைச் சந்திப்புக் குழு ஒன்று வேண்டும். சிறை அதிகாரிகளிடம் முறையாக அனுமதி வாங்கி, பார்க்க ஆளில்லாதவர்களை மாதந்தோறும் பார்க்க வேண்டும். வெளியே தவிக்கும் அவர்களுடைய பிள்ளைகளின் படிப்பையும் விசாரிக்க வேண்டும். போகமுடியாத முதியவர்கள் கடிதம் எழுதலாம். வாசலருகே மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். தம்பி செயலாளர் அங்கே இருப்பார், பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முதல் கூட்டம்.