மஞ்சப்பை மாட்டிய யானை

நடுவர் அவர்களுக்கும், தேர் பார்க்க வந்த கையோடு இந்தக் குளிரிலும் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் தேன்கனிக்கோட்டை மக்களுக்கும் வணக்கம்.

'கனவில் மிரட்டும் விலங்கு காட்டுவது வரப்போகும் கேட்டையா, மனதில் இருக்கும் பயத்தையா?' இதுதான் தலைப்பு. நான் பயத்தின் கட்சி. முன் வரிசையில் என் வீட்டுக்காரர் சிரிக்கிறார், பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் கையில் மாவுக்கட்டோடு வந்தார். தை மாதம் எருது விடும் விழா பார்த்துவிட்டு வந்து படுத்தாராம். கனவில் ஒரு காளை துரத்தியதாம். 'பலன் புத்தகம் பார்த்த பயத்தில் ஏழு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, எட்டாம் நாள் வண்டியிலிருந்து விழுந்தேன், கை முறிந்தது, கனவு பலித்தது' என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். அந்தக் காளைக்கு அப்புறம் வருகிறேன். முதலில் என் யானை.

எங்கள் ஊர் அஞ்செட்டி பக்கம். ராகி கதிர் பிடிக்கிற கார்த்திகை, மார்கழியில் அப்பாவுக்கு ராத்திரி காவல் பரணில்தான் படுக்கை. தகர டப்பா, பட்டாசு, டார்ச். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது ஒரே இரவில் யானைக்கூட்டம் இறங்கி முக்கால் ஏக்கரையும் மிதித்துவிட்டுப் போனது. கனவு உடனே வரவில்லை. இரண்டு மாதம் கழித்து வந்தது. ஒற்றை யானை. பிளிறாது, துரத்தாது. எங்கள் திண்ணையை ஒட்டி வந்து சும்மா நிற்கும். நான் கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கை நகராது. கத்தினால் சத்தம் வராது.

பாட்டி சொன்னார், பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்டதை மறந்துவிட்டோம் என்று. தேங்காய் உடைத்தோம். மூன்றாம் நாள் யானை மறுபடியும் வந்து நின்றது.

அம்மா மட்டும் பலன் சொல்லவில்லை. களி கிண்டிக்கொண்டே, "யானை எப்படிடி இருந்துச்சு?" என்று கேட்டாள். நான் சொல்லிக்கொண்டே வந்தேன். கறுப்பு, பெருசு, ஒரு தந்தம், தந்தத்தில் ஒரு மஞ்சப்பை தொங்கியது. துடுப்பு நின்றுவிட்டது. களி கிண்டும்போது கையை நிறுத்தினால் கட்டி தட்டிவிடும் என்று எங்களைத் திட்டுகிறவள் அவள்.

ராகி போன பிறகு அப்பா வட்டிக்கு வாங்கியிருந்தார். வெள்ளிக்கிழமைதோறும் வட்டிக்காரர் வருவார். கத்தமாட்டார். மஞ்சப்பையை அக்குளில் இடுக்கியபடி திண்ணையை ஒட்டிச் சும்மா நிற்பார். அப்பா கொல்லைப்பக்கம் போய்விடுவார். 'அப்பா வீட்ல இல்ல' என்று சொல்வதற்குக் கதவருகே நிறுத்தப்பட்ட ஆள் நான்.

நடுவர் அவர்களே, யானையைக் காடு கொடுத்தது. பையைக் கொடுத்தது எங்கள் வாசல்.

அது சரி, கனவில் கை ஏன் நகரவில்லை? 1953இல் சிகாகோவில் அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர், தூக்கத்தில் மூடிய இமைக்குள் கண் வேகமாக ஓடும் ஒரு கட்டம் இருப்பதை எழுதி வெளியிட்டார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அப்போதுதான் வருகின்றன. கனவில் ஓடுகிறவன் நிஜமாகவே எழுந்து ஓடிவிடாதபடி அந்த நேரத்தில் மூளை உடம்பின் தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அது விலகுவதற்குள் விழிப்பு வந்துவிட்டால், கண் திறந்திருக்கும், உடம்பு அசையாது. அதைத்தான் நாம் அமுக்குப் பேய் என்கிறோம். பயத்தைக் கவனிக்கிற அமிக்டலா என்ற பகுதி அப்போது சுறுசுறுப்பாக இருக்கும். 'யானைக்கு எதற்குடா பை?' என்று கேட்க வேண்டிய முன்மூளைப் பகுதி அடங்கிக் கிடக்கும். இந்தக் கட்டம் விடியற்காலையில்தான் நீளுகிறது. விடியற்காலைக் கனவு பலிக்கும் என்கிறார்களே, பலிக்கிறதோ இல்லையோ, நினைவில் நிற்கிறது. நினைவில் நிற்பதற்குத்தானே பலன் தேட முடியும்?

எதிரணி அக்கா சிலப்பதிகாரத்தை எடுத்தார். 'கண்ணகி கண்ட கனவு பலிக்கவில்லையா?' என்றார். கதையில் பலித்தது, ஒத்துக்கொள்கிறேன். இளங்கோவடிகளுக்கு மதுரையில் என்ன நடக்கப்போகிறது என்று முன்பே தெரியும். நமக்கு அந்த வசதி இல்லை. ஆனால் கண்ணகி எந்த நிலையில் அந்தக் கனவைக் கண்டாள்? கணவன் மாதவி வீட்டில், செல்வமெல்லாம் கரைந்துவிட்ட நிலையில். அந்தக் கனவில் ஒரு தேள் வருகிறது. இடுதேள். அதற்கு உரையில் என்ன பொருள் தெரியுமா? தேள் அல்லாத ஒன்றை மறைத்துக் கொண்டுவந்து ஒருவர் மேல் போட்டு, தேள் என்று பயமுறுத்துவது. நம் ஊர்ப் பையன்கள் ரப்பர் பல்லி போடுவதுபோல. பழிக்கு அஞ்சிய பெண்ணின் கனவில் பொய்த் தேள்! அப்புறம் தோழி தேவந்தி, சோமகுண்டம், சூரியகுண்டத்தில் முழுகிக் காமவேளைத் தொழச் சொல்கிறாள். கண்ணகி சொன்ன பதில், 'பீடு அன்று'. அது எனக்குப் பெருமை இல்லை என்று பரிகாரத்தை மறுத்தவளையா, அக்கா, பரிகாரக் கட்சிக்குச் சாட்சி சொல்ல அழைத்தீர்கள்?

ஒரு விஷயத்தில் எதிரணியோடு நான் ஒத்துப்போகிறேன். விலங்குப் பயம் வெறும் கற்பனை இல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வயல்களில் புலியைக் குத்திச் செத்தவனுக்கு நட்ட நடுகற்கள் நிற்கின்றன. ஃபின்லாந்து ஆய்வாளர் ரெவொன்சுவோ 2000இல் எழுதினார், கனவு என்பது ஆபத்துக்கு மூளை பார்க்கும் ஒத்திகை என்று. சிறு பிள்ளைகளின் கனவில் விலங்குகள் அதிகம் வருவதும், வயது ஏற ஏறக் குறைவதும் இதற்குப் பொருந்துகிறது. ஆனால் ஒத்திகை பார்க்கிறவனுக்கு நாடகத் தேதி தெரியும் என்று யார் சொன்னது?

இடையில் ஒன்று. 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் மிஞ்சின. அந்தக் குட்டிகளின் கனவில் துரத்தி வருவது யாராக இருக்கும்?

சரி, என் யானைக்கு வருகிறேன். அம்மா சொன்னாள், "அடுத்த தடவை வந்தா கதவைத் தொற. பையில என்னன்னு கேளு." தினமும் சாயங்காலம் அடுப்பு மூட்டும்போது என்னைச் சொல்ல வைப்பாள். கதவைத் திறக்கிறேன், கேட்கிறேன், பையில் என்ன? ஒரு நாள் பலாக்கொட்டை. ஒரு நாள் என் சிலேட்டு. மூன்று வாரத்தில் யானை வருவது நின்றது. கடன் தீர மட்டும் இன்னும் இரண்டு ராகி அறுப்பு ஆனது. இப்போது மனநல மருத்துவத்தில் இதே மாதிரி ஒரு பயிற்சி தருகிறார்கள். கெட்ட கனவைப் பகலில் எழுதி, முடிவை மாற்றி, தினமும் சில நிமிடம் மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது. தூங்கவே பயப்படுகிற அளவுக்குக் கனவு வந்தால் மனநல மருத்துவரிடம் போங்கள், அதில் வெட்கம் என்ன? சில ரத்த அழுத்த மாத்திரைகளுக்கே கெட்ட கனவு வரும். மாத்திரையால் வந்த பாம்புக்குப் புற்றில் பால் ஊற்றினால் பாம்பும் குடிக்காது, மாத்திரையும் மாறாது.

இப்போது காளை. அண்ணன் தன் வாயாலேயே சொன்னார், ஏழு ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்று. ஏழு ராத்திரி தூங்காதவர் எட்டாம் நாள் வண்டியை எடுத்தால், கீழே தள்ள இன்னொரு காளை எதற்கு? பலன் புத்தகத்தைப் பார்த்துப் பயந்தீர்கள், பயந்து விழித்திருந்தீர்கள், விழித்திருந்து விழுந்தீர்கள்.

மணி அடித்துவிட்டார்கள், முடித்துக்கொள்கிறேன். அண்ணே, கீழே இறங்கி டீ குடிக்கும்போது ஒன்று மட்டும் யோசித்துச் சொல்லுங்கள். அந்தக் காளையின் கொம்பில் என்ன கட்டியிருந்தது?